தருமபுரிப் பட்டறைக்கு அரசு ஆர்டர் எப்படி வரும்?

எங்கள் மாவட்டத்தில் கேழ்வரகு விளைவிக்கிறவருக்கு அரசாங்கத்திடம் விற்பது என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். நேரடிக் கொள்முதல் நிலையத்துக்கு மூட்டையை ஏற்றிப் போகிறார். விலை ஏற்கெனவே அறிவித்தாயிற்று; 2025-26 பருவத்துக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். தருமபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2023 முதல் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கிறார்களே, அதற்காகவும்தான் இந்தக் கொள்முதல். அதே அரசாங்கத்துக்கு நான் இரும்பு பெஞ்சு விற்கப் போனால் கதையே வேறு. விலையை நான் எழுத வேண்டும். பக்கத்துப் பட்டறைக்காரர் என்ன எழுதுகிறார் என்று எனக்குத் தெரியக்கூடாது. அதற்கும் முன்னால், விலை எழுதும் தகுதியே எனக்கு உண்டு என்று நாற்பது ஐம்பது பக்கம் காகிதம் காட்ட வேண்டும்.

பென்னாகரம் சாலையில் சின்னதாக ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறேன். பெஞ்சு, பீரோ, ரேக், ஜன்னல் கிரில். டெண்டர் என்று பேச்சு எடுத்தாலே இங்கே இரண்டு பதில்தான் வரும்: "ஆள் இருக்கணும்", "ரேட்டைக் குறைச்சுப் போடணும்". இரண்டிலும் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் நான் பார்த்தவரை, சின்ன ஆட்கள் வெளியே தள்ளப்படுவது விலைக் கவர் திறப்பதற்கு முன்பே. ஆர்டர் வாங்கியவர் நொடிந்து போவதோ சரக்கு இறக்கிய பிறகு. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற விலை என்ற ஒன்றுக்குத்தான் நாம் ராத்திரி முழுக்க உட்கார்ந்து கணக்குப் போடுகிறோம். அதனால் இந்தக் கட்டுரையில் முன்னாலும் பின்னாலும் நடப்பதைப் பற்றியே அதிகம் எழுதப் போகிறேன்.

முதலில், வாங்குவது யார்? அதைப் பொறுத்துச் சட்டம் மாறும். மாநிலத் துறைகள், உள்ளாட்சிகள், வாரியங்கள் எல்லாம் 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டத்துக்கும், அதன் கீழ் 2000-இல் வந்த விதிகளுக்கும் உட்பட்டவை; டெண்டர்கள் டிஎன்டெண்டர்ஸ் தளத்தில் வருகின்றன. மத்திய அரசு அலுவலகங்களுக்கு 2017-இன் பொது நிதி விதிகள். அவர்கள் வாங்கும் இடம் 2016-இல் தொடங்கிய ஜெம் என்ற இணையச் சந்தை. ரயில்வேக்குத் தனியாக ஐரெப்ஸ் தளம் ஒன்றும் இருக்கிறது. இங்கே நம் ஊருக்கு மட்டும் ஒரு சின்னக் குழப்பம் உண்டு. தருமபுரி ரயில் நிலையமும் ஓசூர் நிலையமும் தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூருக் கோட்டத்தில் இருக்கின்றன. மொரப்பூர் மட்டும் தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டம். தருமபுரி நிலையத்துக்குத் தேவையான வேலையைச் சேலத்து டெண்டர்களில் தேடிக்கொண்டே இருந்தால் கடைசிவரை கண்ணில் படாது.

மாநிலச் சட்டத்தில் நமக்கு உதவுகிற சில இடங்கள் உண்டு. இரண்டு கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாளும் அவகாசம் கொடுக்க வேண்டும். அதைக் குறைக்க வேண்டுமென்றால் மேலதிகாரி காரணத்தை எழுதி அனுமதிக்க வேண்டும். "நாலு நாள்ல முடியுதுங்க, நீங்க எங்க போடப் போறீங்க" என்று யாராவது சொன்னால், அந்தக் காரணம் எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. விலை பேசுவதாக இருந்தால் மிகக் குறைந்த விலை கொடுத்தவரோடு மட்டும்தான் பேசலாம். இரண்டாவது, மூன்றாவது ஆளைக் கூப்பிட்டு ஏலம் விட முடியாது. யாருக்குக் கொடுத்தார்கள், மற்றவர்களை ஏன் தள்ளினார்கள் என்பதையும் வெளியிட வேண்டும். முடிவில் குறை இருந்தால் உத்தரவு கிடைத்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். பத்து நாள் என்பது கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். ஆடிட்டரைப் பார்த்து, வக்கீலைப் பார்த்து, யோசித்து முடிப்பதற்குள் பதினொன்றாவது நாள் வந்து நிற்கும்.

மத்திய அரசுப் பக்கம் சிறுதொழிலுக்கு இருக்கிற சலுகை இன்னும் வெளிப்படையானது. குறு, சிறு தொழில்களுக்கான பொதுக் கொள்முதல் கொள்கை 2012 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 20 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்று முதலில் சொன்னது. 2018-இல் அது 25 சதவீதமாக உயர்ந்தது. அதற்குள் பட்டியலின, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 4 சதவீதம், பெண்களுக்கு 3 சதவீதம். டெண்டர் படிவம் இலவசம், டெண்டரோடு பிணையாகக் கட்டும் முன்வைப்புத் தொகையும் கட்ட வேண்டாம். பொது நிதி விதிப்படி அந்தத் தொகை மதிப்பீட்டில் 2 முதல் 5 சதவீதம் வரை இருக்கலாம் என்பதால், இது சின்ன விஷயம் இல்லை. 358 பொருள்களைக் குறு, சிறு நிறுவனங்களிடம் மட்டுமே வாங்க வேண்டும் என்ற பட்டியலும் உண்டு. இரும்பு பீரோ, இரும்பு நாற்காலி போன்ற நம் பட்டறைச் சாமான்கள் அதில் இருக்கின்றன.

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது 15 சதவீத விதி. கணக்காகவே சொல்கிறேன். ஒரு மத்திய நிறுவனத்துக்கு 400 பெஞ்சு வேண்டும். பெரிய கம்பெனி ஒன்று பெஞ்சுக்கு 4,000 ரூபாய் எழுதி எல்-1, அதாவது மிகக் குறைந்த விலைக்காரர், ஆகிறது. நீங்கள் எழுதியது 4,500. பழைய வழக்கத்தில் நீங்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இந்தக் கொள்கைப்படி எல்-1 விலைக்கு மேல் 15 சதவீதத்துக்குள், அதாவது 4,600-க்குள், நீங்கள் இருப்பதால் உங்களைக் கூப்பிட்டு "4,000-க்குச் செய்கிறீர்களா?" என்று கேட்க வேண்டும். சரி என்றால் 25 சதவீதம், நூறு பெஞ்சு, உங்களுக்கு. முடியாது என்றால் விலகிக்கொள்ளலாம். எல்-1 ஆக வந்ததே ஒரு சிறு நிறுவனம் என்றால் இந்தக் கேள்வி எழாது.

ஆனால் இரண்டு பேருக்கு இது பொருந்தாது. வாங்கி விற்கிற வியாபாரிக்குக் கிடையாது. பொருளைத் தயாரிப்பவருக்கும் சேவை செய்பவருக்கும்தான். கட்டட வேலை, சாலை வேலை மாதிரியான ஒப்பந்தப் பணிகளுக்கும் இந்தச் சலுகை இல்லை. தருமபுரியில் டெண்டர் என்றாலே சாலை, சாக்கடை, கட்டடம் என்றுதான் நினைக்கிறார்கள். சட்டம் கை கொடுக்கிற இடமோ பொருளும் சேவையும். இவ்வளவு வருடத்தில் எனக்குப் புரிந்த முக்கியமான விஷயம் இதுதான்: போட்டி அதிகமாகவும் பாதுகாப்பு குறைவாகவும் உள்ள பக்கத்தில் எல்லோரும் முட்டிக்கொண்டு நிற்கிறோம். ஓசூரில் லேத் வைத்திருக்கிறவருக்கு நாற்பது கிலோமீட்டர் தூரத்தில் பெங்களூரில் எச்ஏஎல், பிஇஎல், பிஇஎம்எல் என்று மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் இந்த 25 சதவீதம் பொருந்தும். தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனைகளில் ஓசூரும் ஒன்று. தனியார் வண்டிக் கம்பெனிகளுக்கு மட்டுமே உதிரி பாகம் செய்து, அவர்கள் ஆர்டரைக் குறைக்கும்போது கையைப் பிசைகிறவர்கள் இந்தப் பக்கமும் ஒரு முறை திரும்பிப் பார்க்கலாம்.

இந்தச் சலுகைகள் எல்லாவற்றுக்கும் சாவி, குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவு. 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது, கட்டணமே இல்லை. 2025 ஏப்ரல் முதல் எந்திர முதலீடு இரண்டரைக் கோடி வரை, விற்றுமுதல் 10 கோடி வரை குறு நிறுவனம். 25 கோடி, 100 கோடி வரை சிறு நிறுவனம். நம் சிட்கோ தொழிற்பேட்டைகளில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இதற்குள் வந்துவிடுவார்கள். சிக்கல் வேறு இடத்தில். பதிவை நாம் செய்வதில்லை, கம்ப்யூட்டர் சென்டரில் ஒரு பையன் செய்கிறான். வங்கிக் கடனுக்காக அவசரமாகப் போட்டிருப்போம். அவன் தொழில் வகையில் 'டிரேடிங்' என்று ஒரு கிளிக் போட்டிருப்பான். வங்கிக்கு அது போதும். டெண்டரில் நீங்கள் வியாபாரி. முன்வைப்புத் தொகை விலக்கும் இல்லை, 15 சதவீதமும் இல்லை. காவேரிப்பட்டினத்தில் மாங்கூழ் ஆலை வைத்திருக்கிற என் நண்பருக்கு இப்படித்தான் ஆகியிருந்தது. வருடத்துக்கு எத்தனை டன் மாம்பழத்தைக் கூழாக்குகிறவர், காகிதத்தில் பழ வியாபாரி. உங்கள் உத்யம் சான்றை எடுத்து 'உற்பத்தி' என்று இருக்கிறதா, தொழில் குறியீடு நீங்கள் செய்யும் பொருளுக்கு உரியதுதானா என்று இன்றே பாருங்கள். திருத்துவதற்கும் கட்டணம் இல்லை.

அப்புறம், தகுதி நிபந்தனை. டெண்டர் ஆவணம் எண்பது பக்கம் இருந்தாலும் நம் தலைவிதியைத் தீர்மானிப்பது ஒன்றரைப் பக்கம்: மூன்று வருட விற்றுமுதல் எவ்வளவு, இதேபோன்ற வேலை எவ்வளவு மதிப்புக்குச் செய்தீர்கள், என்னென்ன சான்று. நான் முதலில் அதைத்தான் படிப்பேன். ஜெம் ஏல ஆவணத்தில் அனுபவத்துக்கும் விற்றுமுதலுக்கும் குறு, சிறு நிறுவனங்களுக்கு விலக்கு உண்டா என்று ஒரு வரி இருக்கும், எதிரே 'ஆம்' அல்லது 'இல்லை'. அந்த ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு மேலே படிப்பதா, மூடிவைப்பதா என்று முடிவு செய்துவிடலாம். சில டெண்டர்களில் பத்து சின்ன வேலைகளை ஒரே பேக்கேஜாகக் கட்டியிருப்பார்கள்; மொத்த மதிப்பு ஏறிவிடும், அதோடு தகுதியும் ஏறிவிடும். தனித்தனியாக விட்டிருந்தால் உள்ளூரில் பத்துப் பேர் செய்திருப்பார்கள். இது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற இடம். டெண்டருக்கு முந்தைய கூட்டம் என்று ஒன்று வைத்தால் அங்கே போய் எழுத்தில் கேளுங்கள். பதில் எல்லோருக்கும் பொதுவாக வரும். நான் இரண்டு முறை கேட்டேன், ஒரு முறை நிபந்தனையைத் தளர்த்தினார்கள்.

சின்னச் சின்னக் காகிதங்கள்தான் காலை வாரும். ஆடிட்டர் கொடுக்கும் விற்றுமுதல் சான்றில் அதைச் சரிபார்க்க உதவும் யுடிஐஎன் எண் இல்லை, வேலை முடித்த சான்றில் தேதி இல்லை, பத்திரத்தில் கம்பெனி பெயர் ஒரு மாதிரி, ஜிஎஸ்டியில் இன்னொரு மாதிரி. விலைப் பட்டியலுக்கான எக்செல் கோப்பைத் தளத்திலிருந்து இறக்கி, அதற்குரிய கட்டங்களை மட்டும் நிரப்பி, பெயரை மாற்றாமல் அப்படியே ஏற்ற வேண்டும். நம் பழக்கத்தில் 'ஃபைனல்-2' என்று பெயர் வைத்துச் சேமித்தால் போச்சு.

என் முதல் டெண்டரில் நடந்தது இது. ஒரு துறையின் பள்ளிகளுக்கு மேசை, பெஞ்சு. பகல் மூன்று மணிக்கு முடிகிறது. ஒரு வாரமாகக் காகிதம் சேர்த்து, அன்று காலையில் கடைசிச் சான்றை வாங்கி, பன்னிரண்டு மணிக்குத்தான் ஏற்ற உட்கார்ந்தேன். டிஜிட்டல் கையொப்பம் உள்ள யுஎஸ்பி டோக்கனைக் கணினி இரண்டு முறை அடையாளம் காணவில்லை. நடுவில் கரண்ட் போய் வந்தது. இரண்டே முக்காலுக்குக் கடைசி பிடிஎஃப் ஏறியது, விலைக் கோப்பும் ஏறியது. இரண்டுக்கும் பக்கத்தில் பச்சை டிக். வேலை முடிந்தது என்று எழுந்துபோய் சாப்பிட்டேன். திறப்பு நாளில் பட்டியலில் என் பெயரே இல்லை. விசாரித்தபோதுதான் தெரிந்தது, எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு 'ஃப்ரீஸ் பிட்' என்று ஒரு பொத்தான், அதை அழுத்தினால்தான் டெண்டர் போட்டதாகக் கணக்கு. அழுத்தியதும் நேரம் போட்டு ஓர் ஒப்புகைச் சீட்டு வரும். எனக்கு அந்தச் சீட்டு வரவில்லை, வர வேண்டும் என்றும் தெரியாது. அந்த டெண்டரில் ஜெயித்தவரின் விலை என் விலையை விடப் பெஞ்சுக்கு நூற்றுப் பத்து ரூபாய் அதிகம். அதிலிருந்து எந்த டெண்டராக இருந்தாலும் முந்தின நாளே ஏற்றிவிடுகிறேன். தளத்தின் கடிகாரம்தான் கணக்கு, நம் கைக்கடிகாரம் அல்ல.

டோக்கனைப் பற்றி இன்னொன்று. அதையும் கடவுச்சொல்லையும் டெண்டர் போட்டுத் தரும் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறவர்கள் இங்கே நிறைய. அது வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது மாதிரி. அதே போல, தெரிந்தவர் ஒருவர் வந்து "துணைக்கு ஒரு கொட்டேஷன் மட்டும் குடுங்க, உங்களுக்கு ஒண்ணும் வேலை இல்லை" என்பார். லெட்டர்பேடும் சீலும் கேட்பார். பழகிய முகம், மறுப்பது கஷ்டம். ஆனால் பேசி வைத்துக்கொண்டு டெண்டர் போடுவது 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் மூன்றாவது பிரிவில் நேரடியாகத் தடை செய்யப்பட்டது. பிடிபட்டால் கருப்புப் பட்டியல். பெரியவர் வேறு பெயரில் இன்னொரு கம்பெனி தொடங்கிவிடுவார். நமக்கு இருப்பது அப்பா வைத்த ஒரு பெயர்தான்.

"எல்லாம் செட்டிங்" என்று பேசுவதில் உண்மை இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சை நம்பி நல்ல பட்டறைக்காரர்கள் ஒதுங்க ஒதுங்க, பேசி வைத்துக்கொள்வது இன்னும் சுலபமாகிறது. மூன்று பேர் போடும் டெண்டரில் மூவரும் பேசிக்கொள்ளலாம். பன்னிரண்டு பேர் போட்டால் அது எளிதில் நடக்காது.

விலையைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். அவரவர் பட்டறைச் செலவு அவரவருக்குத்தான் தெரியும். ஆர்டர் வேண்டும் என்பதற்காக மதிப்பீட்டை விட ரொம்பக் கீழே போனால் கூடுதல் வைப்புத் தொகை கேட்பார்கள், அந்தப் பணம் வேலை முடியும்வரை முடங்கிக் கிடக்கும். இரும்பு விலை மூன்று மாதத்தில் எங்கே போகும் என்றும் யோசியுங்கள். சின்ன டெண்டர்களில் விலை ஏற்றத்துக்கு ஈடு தரும் நிபந்தனை இருக்காது.

ஆர்டர் கிடைத்த பிறகு வருவதைத்தான் விரிவாகப் பார்க்க வேண்டும். 250 பெஞ்சு, ஒன்று 4,000 வீதம் பத்து லட்சம் என்று வையுங்கள். ஜிஎஸ்டி 18 சதவீதம், 1,80,000. பில் 11,80,000. பொருள் வாங்க ஆறு லட்சம் செலவு என்றால் அதில் கட்டிய வரி 1,08,000 கழிந்துபோகும். மீதி 72,000 ரூபாயை அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் நான் கையிலிருந்து கட்ட வேண்டும். அரசாங்கம் எனக்குப் பணம் கொடுத்ததா இல்லையா என்று அந்தத் தேதி கேட்காது. பணம் வரும்போது, ஒப்பந்த மதிப்பு இரண்டரை லட்சத்துக்கு மேல் என்பதால் ஜிஎஸ்டி கணக்குக்காக, வரி சேர்க்காத பத்து லட்சத்தில் 2 சதவீதம், 20,000 பிடித்துக்கொண்டுதான் வரும். அது என் மின்னணுக் கணக்கில் ஏறும், ஆனால் பிடித்த அலுவலகம் தன் அறிக்கையைத் தாக்கல் செய்த பிறகு. இரும்புக் கடைக்காரர் முப்பது நாளில் பணம் கேட்பார். ஆட்களுக்குச் சனிக்கிழமை கூலி. இதற்காக எட்டு லட்சம் வங்கி ஓவர்டிராஃப்டில் எடுத்தேன், வட்டி 12 சதவீதம் என்றால் மாதம் எட்டாயிரம். ஐந்து மாதம் கழித்துப் பில் வந்தால் நாற்பதாயிரம். லாபம் எட்டு சதவீதம், எண்பதாயிரம் என்று கணக்குப் போட்டிருந்தால் அதில் சரிபாதி வட்டிக்கே போயிற்று. மார்ச் முடிவதற்குள் பில் கருவூலத்துக்குப் போகவில்லை என்றால், புது நிதியாண்டில் ஒதுக்கீடு வரும்வரை காத்திருக்கவும் நேரலாம். அதனால் விலை எழுதும்போதே ஐந்து மாத வட்டியைச் செலவில் சேர்த்துவிடுகிறேன். சேர்த்தால் டெண்டர் போய்விடும் போலிருந்தால், போகட்டும்.

தாமதத்துக்கு மருந்து சட்டத்தில் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்கக்கூடாது. நிறுத்தினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. வாங்கியது அரசுத் துறையாக இருந்தாலும் இது பொருந்தும். இதற்கான அரசு இணையதளத்தில் புகார் பதிந்தால், இத்தகைய பாக்கிகளை விசாரிக்கும் வசதியாக்கக் கவுன்சிலுக்குப் போகும். கவுன்சில் உத்தரவை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் போக வேண்டும் என்றால் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். சரக்கு கொடுப்பதற்கு முன்பே உத்யம் பதிவு இருக்க வேண்டும். பணம் வராத பிறகு ஓடிப்போய்ப் பதிந்தால் வழக்கு சிக்கலாகும். "அடுத்த ஆர்டர் வேண்டாமா" என்ற பயத்தில் பலர் புகார் கொடுப்பதில்லை. நானும் இரண்டு வருடம் கொடுக்கவில்லை. இப்போது முதலில் சட்டப் பிரிவைக் குறிப்பிட்டு மரியாதையாக ஒரு கடிதம் எழுதுகிறேன். பாதி பில்கள் அந்தக் கடிதத்திலேயே நகர்ந்துவிடுகின்றன.

அந்த 45 நாள் எங்கிருந்து தொடங்குகிறது என்பதில்தான் பலர் தோற்கிறார்கள். சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து. இறக்கிய 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால், இறக்கிய நாளே ஏற்றுக்கொண்ட நாள். அதை நிரூபிக்க நம்மிடம் இருப்பது டெலிவரி சலான் ஒன்றுதான். போன மாதம் பாலக்கோடு பக்கம் ஒரு பள்ளியில் அறுபது பெஞ்சு இறக்கினோம். மழை தூறல், டிரைவருக்கு அவசரம். தலைமையாசிரியர் எண்ணிப் பார்த்து, இரண்டு பெஞ்சை ஆட்டிப் பார்த்து, சலானில் கையெழுத்துப் போட்டு, சீலும் வைத்தார். என் பையன் வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைக்கப் போனான். "சார், கையெழுத்துக்குக் கீழே தேதியும் போட்டுக் குடுங்க" என்று கேட்டேன். பேனாவைத் திரும்ப எடுத்துப் போட்டுக் கொடுத்தார்.